புதுப்பிப்பு: மிளகாய்ச் செடியை இனங்காண உதவிய நூல்

சிங்கப்பூரின் ஈசூனில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வளரும் பெயர் தெரியாத மிளகாய்ச் செடியை இனங்காணவும் பராமரிக்கவும் எந்த நூல் உதவும் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பரிந்துரைகளில் விடை தந்தது, ஜீன் ஆண்ட்ரூஸ் எழுதி 1984இல் வெளிவந்த 'பெப்பர்ஸ்: தி டொமஸ்டிகேட்டட் கேப்சிகம்ஸ்'. மனிதர் பயிராக்கிய ஐந்து சிற்றினங்களை விளக்கும் அந்நூலில் அவரே தீட்டிய வண்ண ஓவியங்களோடு என் செடியை ஒப்பிட்டபோதுதான், காயைவிடப் பூவே தெளிவான அடையாளம் என்பது புரிந்தது. வெள்ளை இதழ்களின் அடியில் மஞ்சள் கலந்த பச்சைப் புள்ளிகள் இருந்தன. ஆகவே அது, நான் எண்ணியிருந்தபடி சில்லி பாடி என்னும் சிறிய காரமிளகாய் அல்ல, தென்னமெரிக்காவைச் சேர்ந்த கேப்சிகம் பக்காட்டம் என்னும் சிற்றினம்.

வளர்ப்புக்கு, டேவ் டிவிட்டும் பால் போஸ்லாண்டும் எழுதி 2009இல் வந்த 'தி கம்ப்ளீட் சில்லி பெப்பர் புக்' பயன்பட்டது. ஆனால், உறைபனியைக் கணக்கிட்டு விதைக்கும் அறிவுரை நமக்குப் பொருந்தாது. இங்கு நான் எதிர்பாராத சிக்கல், இரவு வெப்பம் 24 பாகைக்கு மேலேயே நீடிப்பதால் பூக்கள் உதிர்வதுதான். மகரந்தம் சேரும்படி காலையில் பூங்கொத்துகளை விரலால் மெல்லச் சுண்டிவரத் தொடங்கியபின் ஏழு காய்கள் பிடித்துள்ளன.