டொட் கொம் டொமைனை விடுவிக்க ஹோஸ்டிங் நிறுவனம் மறுக்கிறது: என்ன செய்யலாம்?

மருதமுனைத் தறி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மருதமுனையில் எங்கள் குடும்பம் நடத்தும் கைத்தறிக் கடைக்கு ஒரு டொட் கொம் டொமைன் இருக்கிறது. சேலை, சாரம், மேசை விரிப்பு என்று கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் ஓடர்களில் பெரும்பகுதி அந்தப் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கே வருகிறது. டொமைனையும் ஹோஸ்டிங்கையும் (தளத்தையும் மடலையும் வைத்திருக்கும் சேர்வர் இடம்) இப்பகுதியில் இணையத்தளம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனமே எடுத்துத் தந்தது; இரண்டுக்கும் சேர்த்து வருடா வருடம் ஒரே பில்லாகக் கட்டி வருகிறோம்.

தளம் அடிக்கடி முடங்கிவிடுவதால் வேறு இடத்துக்குப் போகத் தீர்மானித்து, டொமைனை வேறிடத்துக்கு மாற்ற விடாத பூட்டைத் திறந்து, மாற்றத்துக்குத் தேவையான இரகசியக் குறியீடான ஒத் கோட்டைத் தருமாறு கேட்டோம். நெடுநாள் பதில் இல்லை. பின்னர், அடுத்த ஆண்டுக்கான ஹோஸ்டிங் கட்டணத்தைக் கட்டினால்தான் கோட் தரப்படும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்கள். இதுவரை வந்த பில் எதிலும் எங்களுக்கு நிலுவை கிடையாது. டொமைன் காலாவதியாக இன்னும் மூன்று மாதமளவில் இருக்கிறது. அவர்கள் இப்படி மறுக்க முடியுமா? மின்னஞ்சல் நின்றுபோகாமல் மாறுவதற்கு எதை முதலில் செய்ய வேண்டும்?

கல்லடி வலைப்பணி:

வணக்கம் தம்பி. நீங்கள் சொன்ன காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. உங்களுக்குத் தளத்தை நடத்தித் தருபவர் ஒருவர். டொமைனைப் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரார் பெரும்பாலும் வேறொருவர். இங்குள்ள சிறு ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல, வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார் ஒருவரின் மறுவிற்பனையாளர்களே. டொட் கொம் பெயர்களை விற்கும் ரெஜிஸ்ட்ரார் எவரும், டொமைன் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் இடமாற்றக் கொள்கைக்குக் கட்டுப்பட்டவர்; தன் மறுவிற்பனையாளரின் நடத்தைக்கும் அவரே பொறுப்பு.

அந்தக் கொள்கையின்படி, உரிமையாளர் கேட்ட ஐந்து நாட்காட்டி நாட்களுக்குள் பூட்டைத் திறந்து கோட்டைக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் உரிமையாளரே செய்துகொள்ளும் வசதியைத் தர வேண்டும். மோசடிக்கான சான்று, உரிமையாளர் யார் என்பதில் நியாயமான சந்தேகம், டொமைனுக்கே உரிய பதிவுக் கட்டணத்தில் நிலுவை, புதிதாகப் பதிந்தோ கடைசியாக மாற்றியோ 60 நாட்கள் ஆகாமை போன்றவற்றால் மறுக்கலாம். வரப்போகும் காலத்துக்கான பணம் கட்டவில்லை என்பது மறுப்பதற்குரிய காரணமாகாது என்று அக்கொள்கையே வெளிப்படையாகச் சொல்கிறது. உங்களிடம் கேட்பதோ டொமைன் பணம்கூட அல்ல, ஹோஸ்டிங் பணம். பிறருடைய முகவரியைப் பிணையாக வைத்துப் பணம் கேட்பதை நான் தொழிலாக மதிப்பதில்லை.

ஐகானின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தேடி, ரெஜிஸ்ட்ராரின் பெயர், காலாவதித் திகதி, நிலை ஆகியவற்றை இங்கே சொல்லுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: பதிவு விவரங்கள் சரியா என்று கேட்டு ஆண்டுக்கொரு முறை ரெஜிஸ்ட்ரார் உரிமையாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அறிவிக்க வேண்டும். அப்படி ஒரு மடல் உங்கள் பெட்டிக்கு என்றைக்காவது வந்திருக்கிறதா?

மருதமுனைத் தறி:

நன்றி அண்ணன். ரெஜிஸ்ட்ரார் ஒரு வெளிநாட்டு நிறுவனம். நிலை என்ற இடத்தில் 'கிளையன்ட் ட்ரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்று இருக்கிறது. உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன நினைவூட்டல் எதுவும் எங்கள் பெட்டியில், ஸ்பாம் உட்பட, எங்கும் இல்லை.

கல்லடி வலைப்பணி:

அந்த நிலை ரெஜிஸ்ட்ரார் போடும் வழக்கமான பூட்டு, கேட்டால் திறக்கக்கூடியது. 'சேர்வர்' என்று தொடங்கியிருந்தால் அது ரெஜிஸ்ட்ரி, அதாவது டொட் கொம் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்தும் நிறுவனம், போட்ட தடை. அதைத் தீர்ப்பது கடினமாக இருந்திருக்கும்.

கவலைக்குரியது நினைவூட்டல் வராததுதான். பதிவில் இருப்பது ஹோஸ்டிங் நிறுவனத்தின் மின்னஞ்சல், ஒருவேளை அதன் பெயரே, என்று கருத வேண்டியிருக்கிறது. பில்லைக் கட்டியவர் யாராக இருந்தாலும், பதிவில் உரிமையாளராக உள்ளவரைத்தான் ஐகானும் ரெஜிஸ்ட்ராரும் உரிமையாளராகக் கொள்வார்கள். ஆகவே கோட்டைக் கேட்டு மீண்டும் வாட்ஸ்அப்பில் எழுதுவதை நிறுத்திவிட்டு, உரிமையாளராகப் பதியப்பட்டிருப்பவர் யார் என்பதை மின்னஞ்சல் மூலம் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அதே நாளில், லுக்கப் பக்கத்தில் காணப்படும் ரெஜிஸ்ட்ராரின் தொடர்பு முகவரிக்கும் எழுதுங்கள்: டொமைன் பெயர், முதல் பில்லிலிருந்து இன்றுவரையான பற்றுச்சீட்டுகள், கடையின் வியாபாரப் பதிவுச் சான்றிதழ், பணம் கட்டினால்தான் கோட் என்று எழுதிய அந்த வாட்ஸ்அப் செய்தியின் படம் ஆகியவற்றை இணைத்து, கோட்டைக் கேட்ட திகதியையும் குறிப்பிடுங்கள். உங்கள் பெயரே பதிவில் இருந்து, ரெஜிஸ்ட்ராரும் ஐந்து நாள் கடந்து கோட்டைத் தராவிட்டால், ஐகானின் தளத்தில் இடமாற்ற முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரே உரிமையாளராக இருந்தால் படிவம் உதவாது. சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்ப வேண்டிவரும், அங்கும் இந்தப் பற்றுச்சீட்டுகள்தான் பேசும்.

அக்கரைப்பற்று நெட்:

நானா, மின்னஞ்சலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் உண்மையில் நட்டப்படுவது அதில்தான். டொமைன் ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து மற்றவரிடம் போவதால் மட்டும் தளமோ மடலோ நிற்பதில்லை. தளமும் மடலும் எங்கே இருக்கின்றன என்று இணையத்துக்குச் சொல்லும் நேம்சேர்வர் பழையதாகவே இருக்கும். ஆனால் அந்த நேம்சேர்வர் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தினுடையது. நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்து அவர்கள் கணக்கை மூடிவிட்டால், மடல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் அதனுடன் போய்விடும்.

அதனால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபெனல் பக்கத்தின் கடவுச்சொல் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே முழு பெக்கப் ஒன்றை எடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். அதில் டொமைனின் பதிவுகளைக் காட்டும் சோன் எடிட்டரைத் திறந்து ஏ (தளத்தின் இடம்), எம்எக்ஸ், டெக்ஸ்ட் (எழுத்துக் குறிப்பு) பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் பிரதி எடுங்கள். மடல் உண்மையில் உங்களிடமிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டீகிம் ஆகியவை அந்த டெக்ஸ்ட் வரிகளில்தான் இருக்கும், அவை தவறினால் நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் வாங்குபவரின் ஸ்பாமுக்குப் போகும். புதிய ஹோஸ்டில் இதே மின்னஞ்சல் முகவரிகளை முன்கூட்டியே உருவாக்கி, ஐமேப் (மடல்பெட்டியைச் சேர்வருடன் இணைக்கும் முறை) மூலம் பழைய மடல்களை நகர்த்துங்கள். பதிவுகளின் டிடிஎல்லை (பிற கணினிகள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிட்டு, ஓரிரு நாள் கழித்து நேம்சேர்வரை மாற்றுங்கள். டிஎன்எஸ்செக் என்ற கையொப்பப் பாதுகாப்பு போடப்பட்டிருந்தால் அதை அதற்கு முன்னரே நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரே திறக்காமல் போகலாம். நேம்சேர்வர் மாற்றத்துக்கு அவர்களின் தயவு தேவைப்பட்டாலும், அதற்கு மறுப்பவர்கள் குறைவு.

மருதமுனைத் தறி:

ஜஸாக்கல்லாஹு கைர். பெக்கப் இறங்கிக்கொண்டிருக்கிறது. பதிவில் உள்ள மின்னஞ்சலை எங்களுடையதாக மாற்றித் தருவதாக ரெஜிஸ்ட்ரார் சம்மதித்தால் உடனே மாற்றச் சொல்லலாமா?

கல்லடி வலைப்பணி:

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால் 60 நாட்களுக்கு வேறு ரெஜிஸ்ட்ராரிடம் போக முடியாத பூட்டு விழும். 2016 டிசம்பரிலிருந்து உள்ள விதி இது. மாற்றத்துக்கு முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பைச் சில ரெஜிஸ்ட்ரார்கள் தருகிறார்கள், பின்னர் தருவதில்லை. அந்த வாய்ப்பு உண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தராவிட்டாலும் மின்னஞ்சலை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் உங்கள் கைக்கு வந்துவிட்டால் அதே ரெஜிஸ்ட்ராரிடம் நேரடியாகவே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டு, பூட்டு விலகியதும் போகலாம். இடமாற்றத்தின்போது மீதமிருக்கும் காலத்துடன் இன்னும் ஓராண்டு சேரும், எல்லாம் சேர்ந்து பத்து ஆண்டைத் தாண்டாதவரை. காலாவதியான பின்னர் புதுப்பித்து, 45 நாட்களுக்குள் மாற்றினால் மட்டும் அந்தப் புதுப்பித்த ஆண்டு கழிந்துவிடக்கூடும். ஆகையால் திகதிக்கு முன்னரே கட்டிவிடுங்கள். ரெஜிஸ்ட்ராரின் பதில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள் தம்பி, முறைப்பாட்டுப் படிவம் தேவைப்பட்டால் சேர்ந்து நிரப்பலாம்.