கானாடுகாத்தானில் டேஸ்டிங் மெனு: அம்மானோடு பகிர்ந்து சாப்பிட என்ன சொல்லி வைக்கணும்?

பள்ளத்தூர்ப் பையன்:
பினாங்கிலிருந்து அம்மான் ரொம்ப வருஷம் கழிச்சு வர்றாங்க. செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்கின இடத்துல கொஞ்சம் கொஞ்சமா எட்டு கோர்ஸ் வரிசையா வர்ற டேஸ்டிங் மெனு ராத்திரி விருந்துக்குக் கூட்டிட்டுப் போகணும். எழுபது தாண்டிட்டாங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின், காது கொஞ்சம் மந்தம். ஒரே மெனுவை ரெண்டு பேரும் பகிர்ந்துக்கலாமா?

அடுப்படி:
ஒரு மெனுவை இரண்டாகப் பிரிக்காதீர்கள். ஒரு கோர்ஸ் பெரும்பாலும் 50, 60 கிராம்தான். பாதியாக்கினால் ஆளுக்கு ஓரிரு வாய்தான் தேறும். ஆளுக்கொரு மெனு எடுங்கள், ஒன்று சைவம், ஒன்று அசைவம். இரண்டையும் நடுவில் வைத்துப் பகிர்ந்தால் இரட்டிப்பு வகை கிடைக்கும். எச்சில் பார்க்கிறவராக இருந்தால் சங்கடப்படுவார், அதனால் ஒவ்வொரு கோர்ஸுக்கும் பரிமாறத் தனிக்கரண்டியும் இரண்டு காலித் தட்டும் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பணியாரம் மூன்றாக வைக்கும் இடத்தில் நான்காகக் கேளுங்கள்.

வரிசைதான் முக்கியம். உப்புக்கறி என்கிற ஆட்டுக்கறி வறுவலில் வரமிளகாய் முழுசாக எண்ணெயில் வதங்கி இறங்கும். அது முதலில் வந்தால் பிறகு வரும் மண்டியும் (அரிசி கழுவிய நீரில் செய்யும் புளிக்குழம்பு) கோசமல்லியும் (மசித்த கத்தரிக்காய்க் குழம்பு) நாக்கில் நிற்காது. முதலில் வெள்ளைப் பணியாரம், அடுத்து இடியாப்பமும் கத்தரிக்காய் கோசமல்லியும், பிறகு நண்டு ரசம், காடை, கடைசியில்தான் சோற்றோடு உப்புக்கறி. காரம் ஏறினால் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, மோர் கேளுங்கள்.

வெள்ளைப் பணியாரம் காத்திருக்காது. ஓர் உழக்குப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து என்று அளந்து அரைத்த மாவு அது. எண்ணெயிலிருந்து எடுத்துச் சில நிமிடங்களில் தோலாக இழுக்கும். இருவரும் உட்கார்ந்த பிறகே ஊற்றச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை:
இன்சுலின் விஷயத்தை லேசாக எடுக்காதீங்க. வேகமாக வேலை செய்கிற வகை 10–15 நிமிஷத்தில் ஆரம்பிச்சுடும். கோர்ஸ் விருந்தில் சூப், கறி என்று வந்துகொண்டிருக்க, சோறு வர ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் சர்க்கரை இறங்கிடும். பணியாரமும் இடியாப்பமும் முதலில் வருகிற வரிசை இதற்கும் நல்லது. முதல் தட்டு மேசைக்கு வந்த பிறகு போடலாமா, அளவு எவ்வளவு என்று அவர் டாக்டரிடம் கேட்டுக்குங்க. வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில் கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. இனிப்பாக வருகிற கவுனி அரிசி (கறுப்பரிசி) ரெண்டு கரண்டியோடு போதும், பேரே அரிசிதான், மேல சர்க்கரையும் தேங்காயும் வேற.

பள்ளத்தூர்ப் பையன்:
நன்றி. நண்டு அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மே மாசம் கிடைக்குமா?

தேவகோட்டை ரோடு:
கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு மட்டும் போவதால் தொண்டிப் பக்கத்து நண்டு வரத்து குறையும், விலை ஏறும். அன்றைக்கு வந்ததா, ஐஸில் இருந்ததா என்று கேளுங்க. பழசு என்றால் சதை மாவாக உதிரும், ரசத்தில் வாடை நிற்கும். அப்படியென்றால் நண்டை விட்டுட்டு நாட்டுக்கோழி ரசம் கேட்பதே மேல்.

இன்னொன்று, இடம். முற்றத்து ஓரத்தில் மேசை போட்டுவிடுவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஆத்தங்குடித் தரைக்கல்லும் முட்டை வெள்ளைப் பூச்சுச் சுவரும் சத்தத்தைத் திருப்பியடிக்கும், காது மந்தமானவருக்குப் பேச்சு கலங்கிக் கேட்கும். சமையற்கட்டுக்குத் தள்ளி, சின்ன அறையாகவோ மூலையாகவோ கேளுங்க. எதிரெதிரே உட்காராமல், நன்றாகக் கேட்கும் காதுப்பக்கம் பக்கத்து நாற்காலியில் உட்காருங்க. இரண்டு கோர்ஸுக்கு நடுவே 15 நிமிஷம் விடச் சொல்லுங்க. காடையும் நண்டும் வரும்போது இரண்டு கையும் எலும்பிலும் ஓட்டிலும் இருக்கும், பேச்சு நடக்காது.

அடுப்படி:
தேதி வைக்கும் முன் அம்மானிடம் விரத நாளைக் கேட்டுவிடுங்கள். சஷ்டி, கார்த்திகை, செவ்வாய், வெள்ளி என்று ஒவ்வொரு வீட்டிலும் வேறுவேறு. விரத நாளென்றால் இரண்டு மெனுவும் சைவமாகத்தான் வரவேண்டும். அதை முதல் நாளே சொன்னால்தான் வாழைப்பூ வடைக்கும் மண்டிக்கும் ஏற்பாடு செய்வார்கள்.