யூகே: பக்கத்து வீட்டு பேஸ் சத்தம், கவுன்சில்ல கம்ப்ளைன்ட் பண்ணா ஏதாவது நடக்குமா?

சுவரொட்டி:
செமி டிடாச்ட் வீடு (ஒரே நடுச்சுவர்ல ஒட்டின ரெண்டு வீட்டுல ஒண்ணு), வாடகைக்குத்தான் இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி லேட்டா மியூசிக் போடுவார், பாட்டு கூட சரியா கேக்காது, டும் டும்னு பேஸ் மட்டும் நடுச்சுவர் வழியா வந்து கட்டில் தலைமாட்டுல அதிருது. கதவைத் தட்டிச் சொன்னோம், சாரின்னாரு, கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. கவுன்சில்ல புகார் போட்டா டைரி எழுதுங்கன்னு ஒரு ஃபார்ம் அனுப்பிட்டாங்க. தட்டிக் கழிக்கிறாங்களா? போன் ஆப்ல டெசிபல் அளந்து ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கேன், உதவுமா? நம்ம பேரை அவர்கிட்ட சொல்லிடுவாங்களோன்னு வீட்டுல பயம் வேற.

பகல்தூக்கம்:
போலீஸுக்கு போன் போடுங்க ப்ரோ, சிம்பிள்.

நைட்ஷிப்ட்:
வெறும் சத்தத்துக்கு போலீஸ் பெரும்பாலும் கவுன்சிலைத்தான் கை காட்டும். அடிதடி, மிரட்டல்னா வேற விஷயம்.

தட்டிக் கழிக்கிறது இல்லைங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி புகார் வந்தா விசாரிச்சே ஆகணும். ஆனா அதுல இத்தனை டெசிபல் தாண்டினா தப்புன்னு நம்பர் எதுவும் கிடையாது, எந்த நேரம், எவ்ளோ நேரம், எத்தனை தடவை, சாதாரண ஆளால தாங்க முடியுமான்னு ஆபீசர் பாத்து முடிவு பண்றதுதான், அதனால ஆப் ஸ்கிரீன்ஷாட்டுக்கு பெருசா மதிப்பில்ல. 11 மணிக்கு முன்னாடி எவ்ளோ வேணா அலற விடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இந்தச் சட்டம் பகலுக்கும்தான். ராத்திரி 11லேருந்து காலை 7ங்கிறது 1996ல வந்த வேற சட்டம், அதுல நம்பர் உண்டு, வீட்டுக்கு 110 பவுண்ட் வரை ஃபைன், ஆனா எல்லா கவுன்சிலும் அதுக்கு ராத்திரி ஆள் அனுப்புறதில்ல.

தொந்தரவுதான்னு உறுதியாச்சுன்னா கவுன்சில் அபேட்மென்ட் நோட்டீஸ், அதாவது சத்தத்தை நிறுத்தச் சொல்ற சட்டப்படியான உத்தரவு, குடுக்கணும், பேசிப் பாக்க 7 நாள் தள்ளிப் போடலாம், அவ்ளோதான். அதையும் மீறினா கோர்ட், ஸ்பீக்கரையே தூக்கிட்டுப் போகக்கூட வழி இருக்கு.

மேல்மாடி:
அண்ணை, டைரியை ஏனோதானோ எண்டு எழுதாதேங்கோ. 'இண்டைக்கும் ஒரே சத்தம்' எண்டு எழுதிப் பிரயோசனமில்லை. 'இரவு 11.40 தொடக்கம் 1.15 மட்டும், பேஸ், ஜன்னல் பூட்டியும் படுக்கையறைக்குள்ள கேட்டுது, பிள்ளை எழும்பிட்டுது' இப்பிடி எழுதுங்கோ. சத்தம் இல்லாத நாளையும் குறியுங்கோ, அப்பதான் நம்புவினம். எங்கட வீட்டில கவுன்சில் ஆக்கள் ரெக்கோர்டிங் மெசின் கொண்டந்து வச்சவை, பட்டனை அமத்தினா பதியும். மெசின் வந்த கிழமை பாத்து மேல் வீட்டில மூச்சுப் பேச்சில்லை 😄 பிறகு ஒரு சனி இரவு ஆம்பிட்டுது, நோட்டீஸ் போனதோட அடங்கிட்டினம்.

பிள்ளையள் ஓடுறது, குழந்தை அழுறது எண்டால் கவுன்சில் கை வைக்காது, அதையும் டைரிக்குள்ள சேர்த்தா உங்கட கேஸ்தான் பலவீனம்.

நைட்ஷிப்ட்:
சூப்பரா சொன்னீங்க. பேரு விஷயம், பொதுவா அவங்களா சொல்ல மாட்டாங்க, ஆனா ஒட்டின வீடுன்னா யாருன்னு ஊகிக்க எவ்ளோ நேரம் ஆகும், கோர்ட் வரை போனா சாட்சி சொல்லவும் வேண்டி வரலாம். கவுன்சில் இழுத்தடிச்சா முதல்ல அவங்க கம்ப்ளைன்ட் முறையில போய் பதில் வாங்குங்க, அதுக்கப்புறம்தான் ஆம்புட்ஸ்மன், அதாவது கவுன்சில் மேல வர்ற புகாரை விசாரிக்கிற தனி அமைப்பு. இல்லன்னா அதே சட்டத்தோட 82வது பிரிவுல நீங்களே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம், சத்தம்னா எதிராளிக்கு 3 நாள் முன்னாடி எழுத்துல சொன்னா போதும். அதுக்கும் இதே டைரிதான் ஆதாரம். ஆமா, பக்கத்து வீடு சொந்த வீடா, வாடகையா?

சுவரொட்டி:
ஹவுசிங் அசோசியேஷன் வீடுங்க, கம்மி வாடகைக்கு வீடு விடுற அமைப்பு.

நைட்ஷிப்ட்:
அட, அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. அவங்களுக்கும் டைரி காப்பியோட ஒரு மெயில் தட்டுங்க, சத்தம் போட்டு அக்கம்பக்கத்தை தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வாடகை ஒப்பந்தத்துலயே பொதுவா இருக்கும், சில நேரம் கவுன்சிலை விட அவங்க சீக்கிரம் அசைவாங்க.