புதுப்பிப்பு: சம்ப் மரையைக் கெடுத்த பட்டறையிடம் பணம் வாங்கிய விதம்

ஆயில் மாற்றக் கொடுத்த என் காரின் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி, அது பொருந்தும் மரையை (திருகுப் புரியை) கெடுத்துவிட்டு, "ஏற்கெனவே தேய்ந்திருந்தது" என்று மதுரைப் பட்டறைக்காரர் ஒருவர் கைவிரித்ததைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, வண்டியை மீண்டும் அங்கே விடாமல் வேறு மெக்கானிக்கிடம் எழுத்துமூலம் கருத்து வாங்குங்கள் என்ற யோசனைதான். ஒத்தக்கடையில் ஒருவர் போல்ட்டைக் கழற்றியபோது அதன் மரையில் சம்ப்பின் அலுமினியம் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. பழைய தேய்மானமாக இருந்தால் கறுத்திருக்கும், இது வெள்ளையாகப் பளபளத்தது. படம் எடுத்து, ரசீதின் பின்புறம் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தார்.

பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணுடன், 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் பட்டறைக்குக் கடிதம் அனுப்பினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம் என்பதையும், சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை என்பதையும் அதில் குறிப்பிட்டேன்.

எதிர்பாராத விதமாக, கெடுவுக்கு நான்கு நாள் முன்பே உரிமையாளர் வீட்டுக்கே வந்தார். வண்டியை எடுக்கும்போது படிக்காமல் நான் கையெழுத்திட்ட "வேலை திருப்தி" என்ற சீட்டைத்தான் முதலில் நீட்டினார். டப்பாவில் வைத்திருந்த போல்ட்டைக் காட்டியபின் பேச்சு மாறியது. புதிய சம்ப்புக்கும் ஆயிலுக்கும் 6,400 ரூபாய் கொடுத்தார். கூலி 1,200 ரூபாயைத் தர மறுத்தார்; அலைச்சலுக்கு அஞ்சி விட்டுவிட்டேன்.