ஊர் ஆஸ்பத்திரிக்குக் கடன்பத்திரம்: ஓட்டுப் போடும் முன் கணக்கைப் பார்த்தவர்கள் சொல்வது

மருத்துவமனைக் கணக்குப் பிரிவிலிருந்து:

கலிஃபோர்னியாவின் சின்ன ஊர்களில் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் பல, கவுண்டிக்கும் (மாவட்ட அரசு) சொந்தமில்லை, தனியாருக்கும் சொந்தமில்லை. 1945-இல் வந்த சட்டத்தின்படி ஊர்க்காரர்களே அமைத்துக்கொண்ட 'ஹெல்த்கேர் டிஸ்ட்ரிக்ட்' என்ற உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொந்தமானவை அவை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் போர்டில் உட்கார்ந்து நடத்துகிறார்கள். அந்த போர்டு "4 கோடி டாலருக்குக் கடன்பத்திரம்" என்று தீர்மானம் போட்டவுடன் எல்லோரும் கேட்பது, "வரி எவ்வளவு ஏறும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்தப் பணம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதுதான்.

மாநில அரசியல் சாசனப்படி, சொத்து வரியை வைத்துத் திருப்பிக் கட்டும் கடன்பத்திரப் பணம் நிலம், கட்டடம் வாங்கவும் மேம்படுத்தவும் மட்டுமே. நர்ஸ் சம்பளம், மருந்துக் கடைப் பாக்கி, ஒப்பந்த டாக்டர் கூலி எதற்கும் அதில் ஒரு டாலர் எடுக்க முடியாது. "பத்திரம் தோற்றால் ஆஸ்பத்திரி மூடிவிடும்" என்று யாராவது சொன்னால், மூடப்போவது கட்டடப் பிரச்சினையாலா, கைக்காசு தீர்ந்தா என்று பிரித்துக் கேளுங்கள். கைக்காசு தீர்கிறது என்றால் இந்தக் கடன்பத்திரம் அதற்கு மருந்தே இல்லை.

கைக்காசை அளக்கும் கணக்கு சுலபம். ஆண்டு நடைமுறைச் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு. கையிருப்பை அதனால் வகுங்கள். நாள் செலவு 1 லட்சம் டாலர், கையில் 20 லட்சம் என்றால் 20 நாள் தாங்கும். இரண்டு வாரச் சம்பளம் ஒரு தடவை போனாலே பாதி காலி. ஒரு மாத எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சொத்து வரிப் பங்கு டிசம்பரிலும் ஏப்ரலிலும் மொத்தமாக வரும். மெடி-கால் (ஏழைகளுக்கான மாநில மருத்துவக் காப்பீடு) கூடுதல் தொகைக்கு ஆஸ்பத்திரி முதலில் தன் காசை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். அது ஃபெடரல் பங்கோடு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அனுப்பிய மாதம் கையிருப்பு தரையைத் தொடும், வந்த மாதம் செழிப்பாகத் தெரியும். பன்னிரண்டு மாத அறிக்கையையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஹாலிஸ்டரில் உள்ள ஹேசல் ஹாக்கின்ஸ் ஆஸ்பத்திரியை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் 2022 நவம்பரில் நிதி நெருக்கடி அறிவித்து, 2023 மே மாதம் சாப்டர் 9 (உள்ளாட்சி அமைப்புகளுக்கான பிரிவு) திவால் மனு போட்டது. திவால் நிலை நிரூபிக்கப்படவில்லை என்று 2024 மார்ச்சில் நீதிபதி தள்ளுபடி செய்தார். ஒரே ஆஸ்பத்திரியின் கணக்கை இருவர் எவ்வளவு வித்தியாசமாகப் படிக்கலாம் என்பதற்கு அது போதும்.

அதே பிரிவில் இன்னொருவர்:

மேலே சொன்னதோடு மெடிகேரையும் (முதியவர்களுக்கான ஃபெடரல் மருத்துவக் காப்பீடு) சேர்த்துப் பார்க்கணும். 25 படுக்கைக்கு மேல் இல்லாத ஆஸ்பத்திரி, இன்னொன்றிலிருந்து 35 மைல் (மலைப்பாதை என்றால் 15 மைல்) தள்ளி இருந்தால் 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' தகுதி பெறலாம். 1997 சட்டம் கொடுத்தது அது. அதற்கு மெடிகேர் அனுமதித்த செலவில் 101 சதவீதம் தரும். 2013-இல் மெடிகேர் தொகையில் தொடங்கிய 2 சதவீத வெட்டுக்குப் பிறகு உண்மையில் கைக்கு வருவது அடக்கச் செலவுக்கும் கீழே. இதில் லாபம் வருமென்று யாராவது திட்டம் போட்டுக் காட்டினால் நம்ப வேண்டாம்.

கட்டடத்துக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. புதுக் கட்டடத்தின் தேய்மானம் ஆண்டுச் செலவறிக்கையில் ஏறும், மெடிகேர் நோயாளிகளின் பங்குக்கு ஏற்ப அதில் ஒரு பகுதி திரும்ப வரும். ஆனால் ஊரின் முதியவர்கள், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களுக்கு மாறினால் இந்தச் செலவுவழிக் கணக்கு அவர்களுக்குத் தானாகப் பொருந்தாது. காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியதோ அதுதான். வருமான மதிப்பீட்டில் அட்வான்டேஜ் பங்கு எவ்வளவு என்று தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்பதை நான் முதலில் தேடுவேன்.

மருத்துவமனைக் கட்டுமானத்திலிருந்து:

கட்டித்தான் ஆக வேண்டிய நெருக்கடி பொய்யில்லை. 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்துக்குப் பிறகு வந்த 'எஸ்.பி. 1953' என்ற எண்ணுள்ள மாநிலச் சட்டம், நோயாளிகள் தங்கும் கட்டடங்கள் 2030-க்குள் பூகம்பத்துக்குப் பிறகும் இயங்கும் நிலைக்கு வரவேண்டும் என்கிறது. அதற்குப் பணம் மட்டும் ஒதுக்கவில்லை. சிறிய, ஊரக, டிஸ்ட்ரிக்ட் ஆஸ்பத்திரிகள் கூடுதல் அவகாசம் கேட்க 2024-இல் ஒரு வழி திறந்தது.

செலவு எகிறுவது இங்கேதான். வரைபடத்தை மாநில அமைப்பான எச்.சி.ஏ.ஐ. (பழையவர்கள் இன்னும் ஓஷ்பாட் என்றே சொல்வார்கள்) ஒப்ப வேண்டும். வேலை நடக்கும் இடத்தில், ஆஸ்பத்திரி சம்பளம் கொடுக்கும் ஆய்வாளர் தொடர்ந்து இருக்க வேண்டும். சுவருக்குள் போகும் ஒரு ஆக்சிஜன் குழாயை மாற்றி வைப்பதானாலும் திருத்திய வரைபடம் மறுபடி ஒப்புதலுக்குப் போக நேரலாம். அதுவரை அந்தப் பகுதியில் வேலை நிற்கும், காண்ட்ராக்டரின் நாள் கூலியும் சேரும். வரைபடம் முழுமையாக ஒப்புதல் பெறும் முன்பே கடன்பத்திரத் தொகையைக் குறிப்பது ஆபத்து.

துலேர் ஊரைப் பாருங்கள். 2005-இல் 8.5 கோடி டாலர் பத்திரத்துக்கு மக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியின் புது அடுக்குக் கட்டடம் எழும்பியது, செலவு கூடியது, தாமதமாகி உள்வேலை முடியாமலே நின்றது. முடிப்பதற்கென்று 2016-இல் இன்னொரு 5.5 கோடி கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. 2017 செப்டம்பரில் திவால் மனு, அக்டோபரில் பழைய ஆஸ்பத்திரியே மூடல். ஓராண்டு கழித்து அட்வென்டிஸ்ட் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம் நடத்தத் திரும்பத் திறந்தது. பத்திர வரி மட்டும் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதா என்று பார்க்காது. அதைக் கவுண்டி வசூலித்துத் தனிக் கணக்கில் வைக்கும், பத்திரம் வாங்கியவர்களுக்கே போகும்.

"வரி எவ்வளவு ஏறும்?" என்று கேட்பவருக்கு:

கற்பனைக் கணக்கு ஒன்று போடலாம். 4 கோடி டாலர், 30 ஆண்டு, 4.5 சதவீத வட்டி, ஆண்டுதோறும் ஒரே அளவு தவணை. ஆண்டுக்குச் சுமார் 24.6 லட்சம். மொத்தமாகத் திருப்புவது 7.4 கோடி. டிஸ்ட்ரிக்டின் வரிமதிப்பு 300 கோடி என்றால், 1 லட்சம் மதிப்புக்கு ஏறக்குறைய 82 டாலர். வரிமதிப்பு 2.5 லட்சமாக உள்ள வீட்டுக்கு, சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான விலக்கு 7,000 கழித்தால், ஆண்டுக்குச் சுமார் 199. கவனியுங்கள், இது வரிமதிப்பு, சந்தை விலை இல்லை. 1978-இல் மக்கள் ஓட்டில் வந்த ப்ரபோசிஷன் 13 சட்டத்தால் பழைய வீட்டுக்காரரின் மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நேற்று வாங்கியவருக்கு வாங்கிய விலையே மதிப்பு. அடுத்தடுத்த வீட்டில் ஒருவர் 60 டாலரும் மற்றவர் 300 டாலரும் கட்டலாம்.

கிரீன் கார்டிலும் எச்-1பி-யிலும் வீடு வாங்கிய நம்மவர்கள் இந்த வரியைக் கட்டுவார்கள், ஓட்டுப் போட முடியாது. ஆனால் போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் நேரத்தில் பேசுவதற்குக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். அங்கே போங்கள்.

தேர்தல் நடைமுறை தெரிந்தவர்:

பள்ளிப் பத்திரத்துக்கு 2000-இலிருந்து 55 சதவீதம் போதும். ஆஸ்பத்திரிக்கு இன்றும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தீர்மானம் தேர்தலுக்கு 88 நாள் முன்னதாகக் கவுண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஓட்டுச் சீட்டின் ஒற்றைக் கேள்விக்குள் ஆண்டுக்கு எவ்வளவு வசூல், வரி விகிதம், எத்தனை ஆண்டு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அவை வெறும் மதிப்பீடுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். டிஸ்ட்ரிக்ட் காசில் தகவல் துண்டறிக்கை அச்சிடலாம், "ஆம் என்று போடுங்கள்" என்று அச்சிடக் கூடாது. 1976 முதல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி.

ஆஸ்பத்திரிப் பத்திரத்துக்குக் குடிமக்கள் கண்காணிப்புக் குழு, பள்ளிக்கு இருப்பதுபோல் சட்டக் கட்டாயம் இல்லை. தனிக் கணக்கும் ஆண்டறிக்கையும் மட்டுமே கட்டாயம். குழு வேண்டும், அதற்கு ஒவ்வொரு பில்லையும் பார்க்கும் உரிமை வேண்டும் என்றால், போர்டு தீர்மானத்தில் அதை எழுத வைக்க வேண்டும். தீர்மானம் கவுண்டிக்குப் போவதற்கு முன் நடக்கும் கூட்டம்தான் அதற்கான இடம். வழக்கமான கூட்டம் என்றால் அதன் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே ஒட்டப்பட்டிருக்கும்.