[கலைச்சொல்] கிராஸ்ஓவர், மோனோகாக்: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

சென்னை, மொழிபெயர்ப்பாளர் | திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார் வாங்குவோருக்கான கையேடு ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளி மாலை கோப்பு அச்சுக்குப் போகவேண்டும். பெரிய குடும்பத்துக்கு மூன்று வரிசை இருக்கை கொண்ட கிராஸ்ஓவர் எஸ்.யூ.வி.யை எப்படிச் சோதித்து வாங்குவது என்ற அதிகாரம்தான் பாக்கி. இடறுகிற வாக்கியம் இது:

"கிராஸ்ஓவரின் உடல் மோனோகாக் என்பதால், முன்மோதலில் ஏப்ரான் மடங்கி நிமிர்த்தப்பட்டிருந்தால் அந்த வண்டியைத் தவிர்க்கவும்."

கிராஸ்ஓவர் என்பது கார்போல அடியில் தனிச் சட்டம் இல்லாமல் உயரமாகச் செய்த வண்டி; மோனோகாக் என்பது தனிச் சட்டமின்றி உடலே பாரம் தாங்கும் அமைப்பு; ஏப்ரான் என்பது இன்ஜின் அறையின் பக்கவாட்டு உள்தகடு. கிராஸ்ஓவருக்குக் "கலப்புந்து", மோனோகாக்குக்கு "ஓருடல்" என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். எஸ்.யூ.வி.யை "விளையாட்டுப் பயன்பாட்டு ஊர்தி" என்று எழுத மனம் வரவில்லை. படிப்பவர் கண்முன் மைதானம்தான் வந்து நிற்கும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், தமிழாசிரியர் | திங்கள்

அம்மா, "கலப்புந்து" வேண்டாம். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் காருக்குப் பலரும் "கலப்பு" என்பதைக் கொடுத்துவிட்டார்கள். இன்னோவா ஹைகிராஸில் ஹைபிரிட்டும் உண்டு, அது கிராஸ்ஓவரும்கூட. ஒரே பக்கத்தில் இரண்டு பொருளில் "கலப்பு" வந்தால் வாங்குபவர் குழம்புவார்.

கடத்தல் என்னும் வினையிலிருந்து "கடப்புந்து" செய்யலாம் என்றால், கடத்தலுக்கு இன்று வேறு பொருள் ஏறிவிட்டது. "இடையூர்தி" என்றால் காதில் இடையூறுதான் விழும்.

நம்மிடம் இல்லாத சொல்லா? சிலம்பில் கோவலன் அத்திரி (கோவேறு கழுதை) ஏற, மாதவி வையம் ஏறிக் கடலாடப் போகிறாள். வையம் ஆளேறிப் போகும் வண்டி. பாண்டில், சகடம், குறளின் சாகாடு எல்லாம் வண்டியே ஆனாலும், சாகாடு பண்டம் ஏற்றுவது. குடும்பம் ஏறிப் போவதற்கு வையமே பொருத்தம். உலகுக்கும் வண்டிக்கும் ஒரே சொல் அமைந்ததற்கு "வை" என்னும் அடியைக் காரணமாகக் காட்டலாம்: எல்லாம் வைக்கப்படும் இடம். மூன்று வரிசை இருக்கை உள்ளது "மூவரிசை வையம்". புணர்ச்சியும் இயல்பாக வருகிறது.

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர் | திங்கள் இரவு

"மூவரிசை" மிக நல்ல சொல், ஐயா. அதை இன்றே எடுத்துக்கொள்ளலாம். "வையம்" அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. வாங்குபவருக்குத் தெரியவேண்டியதே அதுதான்.

பெயர்ப்பலகையை நம்பி இதை அறியமுடியாது. 1998-இல் வந்த டாடா சஃபாரிக்கு அடியில் ஏணிபோன்ற தனிச் சட்டம் இருந்தது. 2021-இல் அதே பெயரில் வந்ததற்கு அது கிடையாது. இன்னோவா கிரிஸ்டாவுக்குச் சட்டம் உண்டு, ஹைகிராஸுக்கு இல்லை. மகிந்திராவில் எக்ஸ்.யூ.வி. 700-க்கு இல்லை, ஸ்கார்ப்பியோ-என்னுக்கு உண்டு. எல்லாமே மூவரிசை, எல்லாவற்றையும் எஸ்.யூ.வி. என்றோ குடும்ப வண்டி என்றோதான் விற்கிறார்கள்.

சட்டம் உள்ள வண்டியில் இன்ஜினையும் சக்கரங்களையும் தாங்குவது சட்டம். கூண்டை போல்ட் கழற்றித் தனியே தூக்கிவிடலாம். சட்டம் இல்லாத வண்டியில் தரைத்தகடு, பில்லர்கள் (கூரையைத் தாங்கும் தூண்கள்), ஏப்ரான், கூரை எல்லாம் பற்றவைப்பால் ஒன்றாகி, அந்தக் கூண்டேதான் பாரம் தாங்குகிறது. முன் ஷாக் அப்சார்பரின் தலை ஏப்ரானோடு சேர்ந்த கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரான் மடங்கினால் கோபுரம் நகரும், கோபுரம் நகர்ந்தால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதன்பின் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே இருக்கும். ஏணிச்சட்டமும் வளையும், வளைந்தால் அதுவும் ஆபத்துத்தான். ஆனால் அங்கே ஃபெண்டர் ஓரத்துத் தகடு நசுங்கியதை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்கவேண்டியதில்லை.

ஆகவே சொல்லுக்குள் அந்தக் கூண்டு தெரியவேண்டும். "ஏணிச்சட்டம்" பற்றி யாருக்கும் மறுப்பு இருக்காது. அதற்கு எதிரிணையாக ஒரு சொல்தான் தேவை. "ஓருடல்" என்றால் ஈருடல் ஓருயிர் நினைவுக்கு வருகிறது, தகடு நினைவுக்கு வரவில்லை.

யாழ்ப்பாணம், வாகன மதிப்பீட்டாளர் | செவ்வாய்

வணக்கம். இங்கே "பழைய கார்" என்பதைவிடப் "பாவித்த வாகனம்" என்றே சொல்வோம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்கப் பாவித்த வாகனமே கைமாறியது. ஆகவே இந்தச் சொல் எங்களுக்கும் தேவை.

யப்பானிலிருந்து வரும் வாகனத்தின் ஏல அறிக்கையில் ஒரு தரக்குறி இருக்கும். 4, 4.5 என்று எண் இருந்தால் அது வாகனத்தின் பொது நிலைக்கான மதிப்பெண். ஆர் அல்லது ஆர்.ஏ. என்று எழுத்து இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். கதவையோ பம்பரையோ மாற்றியதற்கு அந்த எழுத்தைப் போடுவதில்லை. ஏப்ரான், பில்லர், தரை, கூரை போன்ற உறுப்புகளைத் திருத்தினால், மாற்றினால் மட்டுமே போடுவார்கள். அந்த உறுப்புகளை அவர்கள் "கொக்ககு" என்கிறார்கள். எலும்புக்கூடு என்பதே அதன் நேர்ப்பொருள்.

தமிழில் எலும்புக்கூட்டுக்கும் "கூடு", நத்தையின் ஓட்டுக்கும் "கூடு". மோனோகாக் என்ற பிரெஞ்சுச் சொல்லில் "கொக்" என்பதும் முட்டை ஓடு, சிப்பி ஓடு போன்றதுதான். பாரம் தாங்கும் எலும்பும் வெளியே மூடும் ஓடும் ஒன்றாக இருப்பதுதானே இந்த அமைப்பு? அந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும் வசதி தமிழில் தயாராக இருக்கிறது. "ஒற்றைக்கூடு" என்று வைத்தால் என்ன?

தஞ்சாவூர் | செவ்வாய்

யாழ்ப்பாணத்து ஐயா சொன்னது நெஞ்சில் பட்டது. "கூடு" உயிருள்ள சொல். "கூடு விட்டுக் கூடு பாய்தல்" என்னும்போது அது உடம்பு, தூக்கணாங்குருவி கட்டினால் அது வீடு.

ஆனால் புணர்ச்சியைப் பாருங்கள். கூடு நெடில்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமையில் டகரம் இரட்டும் என்பது நன்னூல் விதி. வீடு, வீட்டுக் கதவு ஆவதுபோல ஒற்றைக்கூடு, "ஒற்றைக்கூட்டு வண்டி" ஆகிவிடும். "கூட்டு" என்றதும் கூட்டுக்குடும்பம், கூட்டுறவு, சேர்த்துக் கட்டியது என்ற பொருள்தான் முந்தும். பல துண்டை ஒட்டியதோ என்று வாங்குபவர் ஐயுறுவார். பழைய கார்ச் சந்தையில் இரண்டு வண்டியை வெட்டி ஒன்றாக ஒட்டுவதும் நடப்பதால், அந்த ஐயம் வீண் ஐயமாகவும் இராது.

சகடம் வடசொல்லா தமிழா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்கவில்லை. வையத்தை மட்டும் விடமாட்டேன்.

மதுரை, பழைய கார் பரிசோதகர் | செவ்வாய் இரவு

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். சொல் எங்கிருந்து பிறந்தது என்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகனும் வண்டி பார்க்கப் போகும்போது அது உதவுகிறதா என்று பார்க்கவேண்டும். அவர்களுக்குச் சேஸ் தெரியும், பாடி தெரியும். "தனிச் சேஸ் உள்ள வண்டி", "தனிச் சேஸ் இல்லாத வண்டி" என்று எழுதினால் போதும்.

சொல்லைவிடச் சோதனை முறையை அதிகாரத்தில் விரிவாக எழுதுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை முதலில் கூரையில் வையுங்கள். கூரையை மறுபெயிண்ட் அடிப்பது அரிது, அதனால் அதுவே அந்த வண்டியின் அடிப்படை அளவு. பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரும். பிறகு பில்லர், கதவுப்படி, பின் ஃபெண்டர். 300-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட், ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி, அதாவது நசுங்கலை நிரப்பும் பூச்சு. கருவி இல்லாதவர் துணி சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிக்காமல் வழுக்கும்.

பானெட்டைத் திறந்து ஏப்ரான் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சட்டைப் பொத்தான் வரிசை மாதிரி ஒரே இடைவெளியில் சிறு குழிகளாக இருக்கும். குழிகள் இல்லாமல் மழமழவென்று இருந்தாலும், கோடாக ஓடும் வெல்டிங் தெரிந்தாலும் கை பட்டிருக்கிறது. இணைப்பில் பூசிய சீலரை நகத்தால் அழுத்துங்கள். பழைய வண்டியில் சீலர் மெத்தென்று இருந்தால் அது அண்மையில் பூசியது. ஃபெண்டர் போல்ட் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூவரிசையில் மறைவாக இருப்பது கடைசி வரிசைதான். அங்குள்ள சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். யாரும் அதிகம் பயன்படுத்தாததால் வெள்ள நீர்க் கறை அடிப்பகுதியில் அப்படியே நிற்கும். முன்சீட் பெல்ட்டைக் கழுவியிருப்பார்கள், இதை மறந்திருப்பார்கள். ஜாக்கி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வண்டிகள் மூழ்கின, அவை எந்த ஊருக்கும் போயிருக்கலாம்.

கோவை | புதன்

மதுரை அண்ணன் சொன்ன சோதனைகள் அப்படியே அச்சேறவேண்டும். அவற்றோடு ஒன்று: அடியில் இருபக்கமும் ஒத்த இரு புள்ளிகளைக் கொண்டு மூலைவிட்டங்களை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் உடல் முறுக்கியிருக்கிறது என்று ஐயப்படலாம்.

ஆனால் "தனிச் சேஸ் இல்லாத வண்டி" என்று எதிர்மறையில் பெயரிடுவதை ஏற்கமுடியவில்லை. மாணவன் அதை ஏதோ குறை என்று எடுத்துக்கொள்வான். குறை இல்லை: எடை குறையும், சாலையில் ஆட்டம் குறையும், கடைசி வரிசைக்குத் தரை தாழ்ந்து கால் வைக்க இடம் கிடைக்கும்.

என் பக்கத்திலும் ஒரு பிழை. கிராஸ்ஓவர், மோனோகாக் இரண்டையும் ஒன்றுபோல் பேசிவிட்டேன். சிறிய ஸ்விஃப்ட்டும் ஒற்றைக்கூடுதான். ஒற்றைக்கூடு என்பது அமைப்பின் பெயர், கிராஸ்ஓவர் அந்த அமைப்பில் உயரமாகச் செய்த ஒரு வகை. இரண்டுக்கும் இரு சொல் வேண்டும்.

யாழ்ப்பாணம் | புதன்

உண்மை. கிராஸ்ஓவரை ஒலிபெயர்ப்பாகவே விடலாம். வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியம் வழி சொன்னது. இதையும் அந்த வழியில் ஏற்பதில் குற்றமில்லை. ரயரையும் பற்றரியையும் நாங்கள் அப்படித்தான் ஏற்றோம், நீங்கள் டயர், பேட்டரி என்று ஏற்றீர்கள்.

பெரிய குடும்பத்துக்கான அதிகாரம் என்பதால் ஒன்று: இரண்டாம் வரிசையில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால், அந்த இருக்கையை மடித்துக் கவிழ்த்து மூன்றாம் வரிசைக்குப் போகமுடியாது. வாங்குமுன் குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்கவேண்டும். இரண்டாம் வரிசை நடுவில் வழி விட்ட இருக்கை என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஓர் ஆள் குறைவு.

தஞ்சாவூர் | புதன் இரவு

ஒரு கேள்வி. ஏழு பேர் ஏறினால் தாங்குமா என்பதற்கு அதிகாரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" (மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும்) என்பது இந்தக் கடைசி வரிசைக்கே சொன்னதுபோல் இருக்கிறது.

மதுரை | வியாழன் காலை

நல்ல கேள்வி, ஐயா. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேருக்கு 455 கிலோ. மிச்சம்தான் பெட்டிக்கு. பல மூவரிசை வண்டிகளில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் இரண்டு கைப்பைக்குத்தான் இடம் இருக்கும், உடனே கூரையில் கேரியர் கட்டிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஏழு பேரையும் ஏற்றி வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்து நிற்கவேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் போய்விட்டது, அடியில் இடித்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. முழுப் பாரத்துக்குப் பின் டயரில் எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் 3219 என்று இருந்தால் 2019-இன் 32ஆம் வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள்.

சொல்லில் என் ஓட்டு: ஏணிச்சட்டம் சரி. ஒற்றைக்கூடு போட்டால், முதல் முறை வரும் இடத்தில் "கூண்டே சேஸாக இருக்கும் அமைப்பு" என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள். விளக்கம் இல்லாவிட்டால் என் ஓட்டு இல்லை.

சென்னை | வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளை அச்சுக்குப் போவதால் இப்படி வைக்கிறேன்: மூவரிசை, ஏணிச்சட்டம் ஒருமனதாக. மோனோகாக் "ஒற்றைக்கூடு", மதுரை ஐயாவின் விளக்கவரியோடு. பெயரடையாக வரும் இடங்களில் "ஒற்றைக்கூட்டு" என்பதைத் தவிர்த்து "ஒற்றைக்கூடு அமைப்புள்ள வண்டி" என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், பொருள் திரியாது. கிராஸ்ஓவர் கிராஸ்ஓவராகவே இருக்கிறது. வாக்கியம் இப்போது:

"கிராஸ்ஓவருக்கு ஒற்றைக்கூடு அமைப்பு என்பதால், முன்மோதலில் ஏப்ரான் மடங்கி நிமிர்த்தப்பட்டிருந்தால் அந்த வண்டியைத் தவிர்க்கவும்."

தஞ்சாவூர் | வெள்ளி காலை

ஒற்றைக்கூட்டை ஏற்கிறேன். ஐந்து பேர் ஐந்து நாள் பேசியும் கிராஸ்ஓவருக்குத் தமிழில் ஒரு சொல் தராமல் கோப்பை அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை, என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லடைவின் கடைசியில் "வையம்: ஆளேறும் வண்டி, பரிந்துரை" என்று ஒரு வரிக்காவது இடம் இருக்கிறதா, அம்மா?

கோவை | வெள்ளி காலை

அச்சுக்குப் போகுமுன் அந்த வாக்கியத்தில் "ஏப்ரான்" இருக்கிறது. அதற்கும் யாரும் சொல் சொல்லவில்லை. "முன்தகடு" என்றால் பம்பருக்குப் பின்னால் உள்ள தகடு என்று எடுத்துக்கொள்வார்கள். "சக்கரக் கோபுரத் தகடு" சரியாக இருக்குமா?