அடி இலையில் ஓட்டை, குருத்து வெளுப்பு: என்ன சத்துக் குறை?

காசிமேடு_டேங்க்:
செடி வளர்க்கும் 2 அடி மீன் டேங்க், மண் போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். வீட்டு போர் தண்ணீர்தான்: டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 900, பி.ஹெச். (அமில-கார அளவு) 8. ஹைக்ரோஃபிலா செடியின் அடி இலைகளில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. அமேசான் ஸ்வார்டு செடியில் குருத்து வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஈ.டி.டி.ஏ. இரும்பு (இரும்பைப் படியவிடாமல் பிடித்துவைக்கும் பொருளோடு சேர்ந்த உரம்) வாராவாரம் போடுகிறேன். டி.டி.எஸ். இவ்வளவு இருந்தும் சத்து போதாதா? மாடித்தோட்டத்துக்கு வாங்கிய 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து தலா 19 சதவீதம்) இருக்கிறது, போடலாமா?

வேர்_வாசி:
19:19:19 வேண்டவே வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு, பி.ஹெச். 8-ல் மீன் செத்துவிடும்.

டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு உப்பு என்று காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. கடலோர போர் தண்ணீரில் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

உங்களுக்கு இரண்டு குறை. பொட்டாசியம் போதாதபோது செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை ஓட்டையாகும். இரும்பு அப்படி நகராது, குருத்துதான் வெளுக்கும். (நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக அடி இலை இருந்தால் மெக்னீசியம்.)

பொட்டாசியத்துக்கு (பொட்டாஷ்) உரக்கடையில் 0:0:50 (பொட்டாசியம் சல்பேட்) கேளுங்கள். அரை கிராம் போட்டால் 50 லிட்டரில் பொட்டாசியம் 4 பி.பி.எம். (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) ஏறும், வாரம் இருமுறை.

ஈ.டி.டி.ஏ. இரும்பு பி.ஹெச். 6.5 தாண்டினாலே பிடி விட்டுவிடும், செடிக்குக் கிடைக்காமல் படிந்துபோகும். 11 சதவீத டி.டி.பி.ஏ. இரும்பு (இன்னும் கெட்டியாகப் பிடிக்கும் வகை) 5 கிராமை 500 மில்லி ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். அதில் 5 மில்லி ஊற்றினால் டேங்கில் இரும்பு சுமார் 0.1 பி.பி.எம். ஏறும். டி.டி.பி.ஏ.வும் 8-ல் அதிக நாள் தாங்காது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாக. பாஸ்பேட் உரம் போடுகிற நாளில் இதைப் போடாதீர்கள்.

கொளத்தூர்_பச்சை:
ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள். பொட்டாஷ் குறை என்றால் சுற்றி மஞ்சளோ பழுப்போ இருக்கும். ஓரம் பச்சையாகவே இருந்தால் நத்தை கடித்தது. வாங்கி ஒரு மாதம் ஆகாத செடியா? தண்ணீருக்கு வெளியே வளர்ந்தது என்றால் பழைய இலை எப்படியும் கொட்டும், உரத்தைக் கூட்டாதீர்கள்.

காசிமேடு_டேங்க்:
ஓரம் மஞ்சள், செடியும் பழசு. அப்படியானால் முழுக்க ஆர்.ஓ.வுக்கு மாறிவிடவா?

வேர்_வாசி:
கூடாது. வெறும் ஆர்.ஓ.வில் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் இருக்காது. குருத்து சுருண்டு முறுக்கிக்கொள்ளும். போர் தண்ணீரும் ஆர்.ஓ.வும் பாதிக்குப் பாதி கலக்குங்கள், அதையும் நாலைந்து வாரத்தில் படிப்படியாக. ஸ்வார்டு வேரால் தின்கிற செடி, மண்ணுக்குள் ஒரு ரூட் டேப் (வேருக்கான உர மாத்திரை) புதைத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த இலை ஆறாது, வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் இலையைப் பார்த்துத்தான் அளவை மாற்ற வேண்டும்.